கலைச்சொல் பட்டியல், பக்கம் நாற்பத்தொன்று

சாந்தா ரீத்தாவில் ஜனவரி மழை.
சப்புக்காய் ஆறு பாலத்தின் கழுத்தளவு.
தொழிற்சாலையின் மேல்மாடியில்
ஒரு நெட்வொர்க் பிராசஸரின் கையேட்டை
போர்த்துகீசியத்துக்குக் கொண்டுவருகிறேன்,
சொல்லுக்கு முப்பது சென்டாவோ கூலி.

எளியவை முதலில் முடிந்தன.
சீரியல்:
ஒற்றைக் கம்பியில் எட்டுப் பேர்
ஒருவர் பின் ஒருவராக,
வெள்ளிக்கிழமை லாட்டரிக் கடை வரிசை மாதிரி.
தொடக்க பிட்: வாசலில் ஒரு கனைப்பு.
நிறுத்த பிட்: கதவு மறுபடி அமைதியாவது.
பாரிட்டி:
வந்த தலைகளை எண்ணி
ஒற்றையா இரட்டையா என்று மட்டும் சொல்லும் காவல்காரர்.
இருவர் ஒரே நேரத்தில் வேடம் மாற்றினால்
அவருக்குத் தெரியாது.

"இது கையேடு, கடிதமில்லை" என்றார் வால்டெமிர்.
எல்லாவற்றையும் அடித்துவிட்டு
பிட் கணக்கை எழுதினேன்.

நினைவகத்தில்தான் நேரமானது.
டைனமிக் ரேம்,
அறுபத்துநான்கு மில்லிநொடிக்கு ஒருமுறை
யாராவது வந்து நினைவுபடுத்தாவிட்டால்
மறந்துவிடும்.
ஃப்ளாஷ் கரண்ட் போனாலும் மறக்காது,
ஆனால் ஒரு சொல்லை மட்டும் அழிக்கத் தெரியாது அதற்கு,
அழித்தால் தெருவோடு அழிக்கும்.
ரோம்: சிலிக்கானோடு பிறந்தது.
திருத்தம் கிடையாது.

பக்கம் நாற்பத்தொன்றில் நின்றுவிட்டேன்.

கடிகாரத் துடிப்பு ஒரு சிப்பின் கையில்.
பேச்சைத் தொடங்குவது அதுதான்.
மற்றது, கேட்டால் மட்டும் வாய் திறக்கும்.
இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பழைய பெயர்கள்,
எஜமான், அடிமை.
இருபது வருடமாகப் படித்துக் கடந்திருக்கிறேன்
பல்லில் கல் கடிபடாமல்.
என் மொழியில் அதைத் தட்டியதும்
எஸ்க்ராவோ
திரையில் ஓர் ஆள் வந்து நின்றுவிட்டார்.

கீழே சோதனை மேசையில் ஜசீரா.
"நாலாவது கால்ல என்ன எழுதியிருக்கு?
பூதக்கண்ணாடியிலும் தெரியல."
சொன்னேன்.
அவள் ப்ரோபை எடுக்கவில்லை.
"எங்க குடும்பப் பேர் இருக்கில்ல,
அது ஒரு காப்பித் தோட்டக்காரனோடது.
தோட்டக் கணக்கு நோட்டை ஒருதடவை பார்த்தேன்.
எங்க ஆளுங்களுக்குப் பேர் இல்ல,
விலை இருக்கு."
பிறகு ஆசிலோஸ்கோப்பைப் பார்த்து,
"அலை சுத்தம். அடுத்த பலகை."

வேறு சொல் தேடினேன்.
முதலாவதற்குக் கண்ட்ரோலர்,
யாரும் தடுக்கவில்லை.
இரண்டாவதற்கு பெரிஃபெரிக்கோ என்றேன்.
ஜசீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது:
"ஊர் ஓரத்துல வீடு, ரெண்டு பஸ் மாறி வேலைக்கு.
அதுவும் நாங்கதான்."
கடைசியில், பதில் சொல்பவர் என்று வைத்தேன்.
கொஞ்சம் நீளம்.
அட்டவணையின் கட்டத்தில் இடிக்கிறது.

வால்டெமிர் கெட்டவரில்லை, களைத்தவர்.
"நாலாயிரம் பலகை அச்சாகிவிட்டது.
ரோமுக்குள்ளேயும் அந்தப் பெயர்தான்.
கையேட்டை மாற்றினால் கால் மாறுமா?"
மாறாது.
அடிக்குறிப்பு ஒன்று போட்டேன்:
பலகையில் காணும் எழுத்து பழையது.
சிப்புக்கு அதன் பொருள் தெரியாது.
நமக்குத் தெரியும்.
மூன்றாவது வாக்கியத்தை அவர் அடித்தார்.
முதல் இரண்டையும் விட்டுவைத்தார்.

வெள்ளியன்று ஆறு கரையேறியது.
ஊரே இருண்டது.
விளக்கு வந்தபோது கோப்பு திறந்தது,
செவ்வாய்க்கிழமைப் பிரதி.
சேமிக்காத மூன்று நாளும் ரேமோடு போயிருந்தன.
எஸ்க்ராவோ, பதினோரு இடங்களில்,
ஒன்றும் நடக்காதது போல.

படியில் பூட்ஸ் சத்தம்.
ஜசீரா, முழங்கால் வரை சேறு,
கையில் இரண்டு கோப்பை காப்பி.
"எத்தனை?"
"பதினொன்று."
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
"படி" என்றாள்.
படித்தேன். அவள் தட்டினாள்.
ஏழாவது இடத்தில்
கரண்ட் மறுபடி கண் சிமிட்டியது.
சேமித்துவிட்டு
எட்டாவதுக்குப் போனோம்.