அரைக்கிலோ குறைவு

இரவு இரண்டரைக்கு லாரி வரும்.
அல் அய்னுக்கு வெளியே, ஒட்டகச் சந்தை தாண்டி,
எங்கள் கொட்டகையில் மட்டும் விளக்கு.
ஐந்து ஓட்டல்களின் மிச்சம்:
கை படாத மந்தி, உடைந்த குனாஃபா,
பாதி கடித்த இறால்,
யாரோ போன் வந்து எழுந்துபோன ஹரீஸ்.

அரைத்துத் தட்டில் ஊற்றினால்
ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு கேட்கும்
தகரத்தில் தூறல் விழுகிற சத்தம்.
முதல் வாரம் வெளியே ஓடி வானத்தைப் பார்த்தேன்.
புழுக்கள் தின்கிற சத்தம் அது.

எலும்பை விட்டுவிடும்.
எலுமிச்சைத் தோலைக் கடைசிவரை ஒதுக்கும்.
ஒருநாள் அரைபடாமல் வந்த பிறந்தநாள் கேக்கில்
அரபியில் ஒரு பெயர்.
வலப்பக்கமிருந்தே தின்றுகொண்டு போயின.
திலக் தாபா சிரித்தான்.
யார் பெயரென்று படித்துச் சொல்ல
ஆள் கூப்பிட்டு வருவதற்குள்
க்ரீம்கூட இல்லை.

பதினான்கு நாள்.
பிறகு உடம்பு கறுக்கும், பசி நிற்கும்,
உலர்ந்த இடம் தேடிச் சரிவில் தானே ஏறும்.
ஏறி முடிகிற இடத்தில் என் வாளி.
வாளியிலிருந்து கோழிப்பண்ணை,
பண்ணையிலிருந்து முட்டை
அதே ஐந்து ஓட்டலுக்கு.

விதைக்கென்று ஒதுக்கியவை மட்டும்
ஈயாகி வலைக்கூண்டில் பறக்கும்.
அவை எதையும் உண்பதில்லை.
புழுவாய் இருந்தபோது தின்றதுதான்
மிச்ச ஆயுளுக்கும்.
இதைச் சொன்னபோது குல்ஃபராஸ்
வயிற்றைத் தடவிக்கொண்டார்:
"பதினாறு வருஷம் தின்னாச்சு, றெக்கை எங்கே?"

கதவடியில் விரலளவு இடுக்கு.
ராத்திரியில் அதன்வழி சில, மணலுக்குப் போய்விடுகின்றன.
விடிந்தால் ஒரு பல்லி, சண்டைக்கார மைனா இரண்டு,
நவம்பரிலிருந்து ஒரு கொண்டலாத்தி.
கோணி ஊசிபோல் மூக்கை மணலில் இறக்கி
எடுத்து
மேலே எறிந்து
விழுங்கும்.
சுலைமான் நபியின் பறவை, விரட்டாதே என்றார் குல்ஃபராஸ்.
விரட்டும் எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை.

நோட்டில் எழுதுகிறேன்: குறைவு, அரைக்கிலோ.
காரணம் என்ற கட்டத்தில்: ஈரப்பதம்.

இடுக்கை அடைக்கச் சொல்லி
மேனேஜர் சிலிக்கான் ட்யூப் தந்து பன்னிரண்டு நாள்.
அன்றே முனையை வெட்டி
மூடாமல் வைத்தேன்.
வாய்ப்பக்கம் நன்றாகக் காய்ந்துவிட்டது.