தடித்த கம்பி

பாமசிச் சம்பளம் கைக்கு வந்த சனிக்கிழமை.
ஹட்டனில் மழை.
குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனேன்.
பிரஷர் குக்கர்களுக்கும் பாடசாலை மெலோடிக்காக்களுக்கும் நடுவே
ஆணியில் தொங்கியது பேஸ் கிட்டார்,
இரண்டாம் கை, ஆறிய பிளேன்டீ நிறம்.

"வாசிச்சுப் பாருங்களேன் தங்கச்சி" என்றார் நவ்ஸர் நானா.
வாசித்துப் பார்ப்பதென்றால்
என்ன வாசிப்பது?

எனக்கு முன்னால் வந்த பொடியன்
பெருவிரலால் கம்பியை அறைந்து அறைந்து
கல்லுடைக்கிற மாதிரி ஒன்று வாசித்தான்.
பாத்திரம் பார்க்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.
விலை கேட்காமலே போய்விட்டான்.
எனக்கு அது வராது.
வந்தாலும் எங்கே வைப்பது அதை?

மரியசெல்வத்தின் செட்டில் இதுவரைக்கும்
பேஸ் என்பது அவனுடைய இடது கை.
கீபோர்டின் கீழ்ப்பாதியில்
அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.
போன மாதம் த்ரீவீல் புரண்டு கை உடைந்தது.
கொட்டகலைக் கல்யாணத்தில் அன்றிரவு
பாட்டெல்லாம் கால் இல்லாத மேசைகள்.
அன்றைக்குத்தான் ஆட்கள் கேட்டார்கள்,
என்னமோ குறையுதே, என்ன அது?
இருந்தபோது ஒருத்தரும் கேட்டதில்லை.

அதனால் நான் பாட்டு எதுவும் வாசிக்கவில்லை.
ஆகத் தடித்த கம்பியை
ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டேன்.
போகட்டும்,
எவ்வளவு தூரம் போகிறதென்று பார்ப்போம்.
குக்கர் மூடிகள் முணுமுணுத்தன.
வெளியே ஒரு பஸ் ஏற்றத்தில் திணறி
வளைவில் திரும்பி
மறைந்தும் போனது.
சத்தம் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் நானா.

இல்லை. பிறகு கட்டம் கட்டமாக ஏறினேன்,
இருட்டில் தெரியாத வீட்டுப் படியைக்
காலால் தேடுகிற மாதிரி.
எங்கேயாவது கரகரக்கிறதா,
எங்கேயாவது கம்பி உரசிப் பொய் சொல்கிறதா.
மூன்று கம்பியும் சுத்தம்.
மெல்லிய கம்பியில் ஆறாம் கட்டம் வரை சரி.
ஏழில்,
பிறந்தவுடன் செத்தது சத்தம்.
மறுபடி அழுத்தினேன். ஈரமண்ணில் விழுந்த கல்.
நான் நானாவைப் பார்த்தேன்.
அவர் கால்குலேட்டரைப் பார்த்தார்.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.
அம்ப்பின் சிவப்புக் கண் மூடிக்கொண்டது.

கிட்டாரின் தோளில் தாடையை அழுத்தி வைத்தேன்.
அம்ப் இல்லாத பேஸ்
காதுக்குக் கேட்காது, பல்லுக்குக் கேட்கும்;
போன வருடம் அடைத்த கடைவாய்ப் பல் கூசியது.
பிறகு அதன் தலையைக் கல்லாப்பெட்டி மேசையில்
முட்டக் கொடுத்தேன்.
மேசை வாய் திறந்தது.
லாச்சிக்குள் சில்லறை நடுங்கியது,
நானாவின் தேத்தண்ணியில் வட்டம் வட்டமாக.
அவர் உள்ளங்கையை மேசைமேல் வைத்துப் பார்த்தார்,
காய்ச்சல் பார்ப்பது போல.

அந்த இருட்டில்தான் வாசித்தேன்,
கொட்டகலையில் இல்லாமல்போன அந்த நடையை.
மேலே பாடகர் இல்லை, பாட்டு இல்லை,
வெறும் நடை.

"இது எந்தப் பாட்டு?"
"மேல்பாதி இன்னும் வரல்ல நானா."

ஏழாம் கட்டத்துக்கு மூவாயிரம் குறைக்கச் சொன்னேன்.
செத்த சத்தத்துக்கு யாரும் கணக்குப் போடுவாங்களா என்றார்.
உயிரோடு இருக்கிறதுக்குத்தானே
இவ்வளவு விலை சொல்றீங்க என்றேன்.
இரண்டாயிரத்தில் நின்றோம்.
ஐயாயிரம் முற்பணம்; மீதி அடுத்த சம்பளத்தில்.
அதற்குள் மரியசெல்வத்தின் கட்டு அவிழ்ந்துவிடும்.
அவிழட்டும்.
அந்தக் கை இனி மேலே போய்ப்
பாட்டோடு விளையாடட்டும்.
கீழ்வீடு எனக்கு.

வாசலில் என் குடையைக் காணோம்.
அந்தப் பொடியனாகத்தான் இருக்கும்.
ரசீதை மருந்துப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு
மழைக்குள் இறங்கினேன்.
பஸ் நிலையம் வரைக்கும்
தாடைக்குள்
அது நின்றபாடில்லை.