ஆறாம் தளம், உள்ளறை

ரூவியில் ரொட்டிக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
என் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரொட்டி:
கோபன்ஹேகன், தாலின், ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம்.
நான் போனதில்லை.
எந்தத் துறையில் எத்தனை மணிக்குக் கயிறு அவிழ்ப்பார்கள் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மொகுதூம் காக்கா வந்தது மே மாதம், வியாழக்கிழமை.
பம்ப் உதிரிபாகக் கடை. மஸ்கட்டில் இருபத்தொன்பது வருஷம்.
விமானம் என்றால் காயல்பட்டினம்,
காயல்பட்டினம் என்றால் கல்யாணம், இல்லையேல் மையத்து.
"சும்மா போறதுக்கு ரெண்டு டிக்கெட்" என்றார்,
கைமாத்து கேட்கிற குரலில்.

ஜுலைகா ராத்தா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அங்கே மஃரிபு எப்போ?"
ஹெல்சிங்கி, ஜூன் இருபது: பத்து ஐம்பது.
"காலையிலயா?"
ராத்திரி, ராத்தா.
"அப்போ இஷா?"
திரையை மேலும் கீழும் உருட்டினேன்.
அது வருவதற்குள் விடிந்துவிடும் போலிருந்தது.

இருப்பதிலேயே மலிவு ஆறாம் தளம், உள்ளறை.
ஜன்னல் கிடையாது என்று இரண்டு முறை சொன்னேன்.
"நல்லதுதான். இருட்டாவது கிடைக்கும்."

விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம்.
காக்கா யோசித்துக்கொண்டே இருந்தார்.
நானே 'சுற்றுலா' என்று தட்டினேன்.
ஆறு மாத வங்கிக் கணக்கு, கஃபீலின் கடிதம்,
காது தெரியும் புகைப்படம்,
பிறகு, திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்.
"எங்கே திரும்பி?" என்றார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.
ரெசிடென்ட் கார்டை நகலெடுத்தேன்.
இன்னும் பதினான்கு மாதம் செல்லும்.
ஆதாரம் அவ்வளவுதான்.

ஜூனில் நாற்பத்தைந்து டிகிரி.
ஸ்டியரிங்கைத் துணி சுற்றிப் பிடித்தோம்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராத்தாவின் குரல் வரும்,
பின்னால் காற்று, காற்றுக்குப் பின்னால் கடற்காகம்:

"எவாஞ்சலின், கிப்லா நகர்ந்துகிட்டே இருக்கு.
தக்பீர் கட்டும்போது சோபா பக்கம்,
ஸலாம் கொடுக்கும்போது குளியலறைப் பக்கம்.
கப்பல் திரும்புது, நாங்க என்ன செய்ய?"

"இங்கே மீன் மணமே இல்லாம மீன் விக்கிறாங்க."

"உங்க காக்கா மேல்தட்டுல நின்னு
சூரியனை முறைச்சிகிட்டு இருக்காரு.
பன்னிரண்டு மணியாகுது. கடை அடைக்காத மாதிரி இருக்குங்கிறாரு."

கடைசியாக வந்தது பதினொரு நொடி.
பேச்சே இல்லை. மழை மட்டும்.
அதை நான் மூன்று முறை கேட்டேன்,
அப்புறம் அழைத்தவர்களுக்கு விலை தப்பாகச் சொன்னேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்தா அழைத்தாள்:
"உடனே மத்ரா வா. நம்ம கப்பல் வந்திருக்கு."

அதேதான். மஞ்சள் வளையம் போட்ட புகைபோக்கி.
அங்கே குளிர் தொடங்கியதும் இங்கே இறங்கிவிடுமாம்.
"பாவம், அதுவும் பொழைக்க வந்திருக்கு" என்றார் காக்கா.
துறைமுக வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம்.
ராத்தா விரலை நீட்டினாள்:
"அந்த ரெண்டு ஜன்னல் தெரியுதா?
அதுக்கு நடுவுல, உள்ளே.
தெரியாது. ஆனா அங்கேதான்."

அரைக்கால் சட்டையில், வெயிலில் கண் கூசி,
பயணிகள் இறங்கி வந்தார்கள்.
சிவந்த மூக்கோடு ஒரு பெண் கேமராவை உயர்த்தி,
எடுக்கலாமா என்று சைகையில் கேட்டாள்.
ராத்தா முக்காட்டைச் சரிசெய்தாள்.
காக்கா வயிற்றை உள்ளிழுத்தார்.
எடுத்து முடித்துவிட்டுக் கேட்டாள்:
"நீங்கள் இந்த ஊர்க்காரர்களா?"

படிவத்தின் முன் யோசித்தாரே, அதே மாதிரி
காக்கா யோசிக்கத் தொடங்கினார்.
ராத்தா அவரை முடிக்க விடவில்லை.
ஆமாம் என்றாள், ஆங்கிலத்தில், சத்தமாக.
பிறகு சூக் இருக்கும் பக்கம் கைகாட்டி,
அந்த ஹெல்சிங்கிக்காரியோ யாரோ,
அவளிடம் சுத்தக் காயல் தமிழில் சொன்னாள்:
"முதல் கடையில அத்தர் வாங்காதம்மா. தண்ணி கலப்பான்."