செல்லும் முனை, செல்லாத முனை

பூதலூரில் விடியற்காலைப் பாசஞ்சர்.
திருவெறும்பூரில் இறங்கி, கம்பெனி பஸ்.
எட்டு மணிக்குக் கையில் கேஜ்.
ஒரு முனை துப்பாக்கிக் குழலுக்குள் போகவேண்டும்,
மறுமுனை போகக்கூடாது.
போவது போய், போகாதது நின்றால்
என் முத்திரை: ஒற்றை எழுத்து,
சலேத்மேரியின் ச.
நாளைக்கு நூற்று நாற்பது குழல்.
பதினோரு வருஷமாகப் பெருக்கிப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் பதினாலு சாயங்காலம்
பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும்போது பெருக்கினேன்.
நாலு லட்சத்துச் சொச்சம்.
முட்டிபோட்டதும் அதைத்தான் முதலில் சொன்னேன்,
கோபம், பொறாமை, தவறவிட்ட பூசைக்கெல்லாம் முன்பாக.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
தலைவலித் தைலத்தின் வாசம்.
தற்காத்துக்கொள்ள உரிமை உண்டும்மா, என்றார் சாமியார்.
ஆனா பேசிப் பார்க்கிற வழியெல்லாம் அடைபட்ட பிறகு.
தடுக்கவந்த தீமையைவிடச்
செய்கிற அழிவு பெருசாகாம.
ஆயுதமில்லாதவன் மேல ஒருநாளும் இல்லாம.
நிறுத்தி, மெதுவாக:
இப்ப இருக்கிற குண்டுகளைப் பார்த்தா
அந்தக் கணக்கு இனிமே எங்கேயாவது தேறுமான்னு
ரோமாபுரியிலேயே சந்தேகம்தான்.

எனக்கு அது கேஜ் மாதிரியே கேட்டது.
போகவேண்டிய முனை, போகக்கூடாத முனை.
குழலை நான் சோதிக்கிறேன், சாமி.
போரை யார் சோதிக்கிறது?
அந்தக் கேஜும் சுடுகிறவன் கையிலேயே இருந்தால்?

வெளியே யாரோ கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டினார்கள்.
கடப்பாரை ஏழெட்டு முறை விழுந்தது.
வேலையை விடுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, என்றார்.
விடாதேன்னு சொல்லவும் வரலை.
ஐம்பத்துமூன்று மணி செபமாலை கொடுத்தார்.

மறுநாள் மாதா விண்ணேற்பு. சுதந்திர தினம்.
ஒரே முற்றத்தில் நீலக்கொடி, மூவர்ணக்கொடி.
சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னதும்
முன்னால், பக்கத்தில், கும்பிட்டேன்.
பின்னால் திரும்பினால்
தூணோரம் வடக்குத்தெரு மாசிலாமணி,
கைகட்டி நின்றான்.
என் தம்பி தைனிஸ் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் ஊருக்கே தெரியும்.
புது ஆற்றிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலில்
மூணு நாள் மேலவயல் முறை, மூணு நாள் கடைமடை.
கடைமடை வடக்குத்தெருவுடையது.
முறை மாறிய ராத்திரி தைனிஸ்
மணல்மூட்டை போட்டு அடைத்தான். மறுநாளும் எடுக்கவில்லை.
அவன் மண்வெட்டியோடு வர, மாசிலாமணி அரிவாளோடு வர,
போலீஸ் வந்து இரண்டு பேரையும் அனுப்பிவைத்தது.
மூட்டைகள் அங்கேயே கிடந்தன.
அதற்கப்புறம் சத்தமில்லை.
இப்ப சமாதானம்தான், என்றார் நாட்டாண்மை.

வாய்க்காலில் சத்தமில்லையென்றால்
தண்ணீர் ஓடவில்லையென்று அர்த்தம்.

பூசை முடிந்து கையில் கொடுத்த மிட்டாயோடு நடந்தேன்.
பட்டுச்சேலையை முழங்காலுக்குச் சொருகி இறங்கினேன்.
செபமாலைக்கு ஐம்பத்துமூன்று மணி;
மூட்டை எட்டுதான்.
நனைந்த மணல் பிணம்போலக் கனத்தது.
ஐந்தைப் புரட்டினேன். ஆறாவது அசையவில்லை.
தைனிஸ் வரப்பில் வந்து நின்றான்.
கை கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை.
ஐந்து மூட்டை அகலத்துக்குத் தண்ணீர் போயிற்று,
நுரையும் ஆகாயத்தாமரையுமாக,
முதலில் தயங்கி, பிறகு இரைச்சலோடு.

தூரத்தில் மாசிலாமணி
மடையைத் திருப்பிவிட்டது தெரிந்தது.
நன்றி சொல்லவில்லை.
எதற்குச் சொல்லவேண்டும், அது அவன் முறை.

மறுநாள் பாசஞ்சர் இருபது நிமிஷம் லேட்.
நகக்கண்ணில் சேறு.
முதல் குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்,
எப்போதும் பார்ப்பதுதான்:
வழவழப்பான சுழல், அதன் கோடியில்
பொட்டளவு வானம்.
செல்லும் முனை சென்றது. செல்லாத முனை நின்றது.
முத்திரையை எடுத்தேன்.
ஒன்று, என்று வாய்விட்டு எண்ணினேன்.
பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.
இரண்டு.