ஏறுவழி

ஜேசிபிக்கு மணிக்கணக்கு.
மினி டிராக்டருக்குக்
காங்கயத்தில் மாசத் தவணை மட்டுந்தானுங்க.
‘தேக்கரண்டில கெணறு வெட்டறயாக்கு’ன்னு
கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம்
பொங்கியண்ணன் சிரிப்பு.

மூணடி செம்மண். அப்புறம் சுக்கான்.
வாளி பல்லைக் கடிச்சது,
முன்சக்கரம் ரெண்டும் அந்தரத்தில்.
பின்னால் எடைக்கு
உரச்சாக்கில் கல்லு கட்டினேன்.

நாலாம் நாள் பொழுதோட,
மண்ணு இளகலா வருதேன்னு
எறங்கின சரிவையே அள்ளிக்
கரைமேல் கொட்டியிருக்கேன்.
எஞ்சினை அணைச்சேன்.
மேலே
சதுரமா வானம்,
கொழுக்கட்டைப்புல் நுனி,
பொங்கியண்ணன் தலை.

ஒண்ணும் சொல்லலை.
கடப்பாரையோட குதிச்சார்.

வெளியே வர வெட்டினதில்
குட்டை எட்டடி நீண்டுபோச்சு.

ரேடியேட்டருக்கு வெச்சிருந்த மிச்சத் தண்ணியை
அடியில் ஊத்திப் பார்த்தேன்.
ஒரு பீடி நேரம்
நின்னுச்சுங்க.