பெரட்டுக் களம்

புக்கிட் செராய் டவுனுக்குப் பின்னால்
மூன்றாம் டிவிஷனில் செம்பனை சாய்த்த அன்று
வாளி கல்லில் மோதியது.
ஹம்டான் எஞ்சினை நிறுத்தி
"சுவர்" என்றான்.

ஆளுயரம். தோட்டாக் குழிகளை எண்ணினேன்,
பதினொன்று.
ஒன்றில் விரல் விட்டேன்; எறும்பு கடித்தது.

மொத்தமே பதினொன்றுதான் கொடுத்திருப்பார்கள்.
மற்ற நாளெல்லாம்
பால்மரக் கட்டையைத் தோளில் சாய்த்து
வாயாலேயே சுட்டிருப்பார்கள்,
உளியை வைத்துவிட்டு வந்தவர்கள்.

பக்கத்தில் சிமெண்டுத் தரை.
ஈரத்தில் பதிந்தது பூட்ஸ் அல்ல, வெறுங்கால்.
சுண்டுவிரல் ஒன்று விலகியே நிற்கிறது
அட்டென்ஷன் சொன்ன பிறகும்.
செருப்பைக் கழற்றி அளந்து பார்த்தேன்.
என் காலைவிடச் சின்னது.

வெள்ளைக்காரன்
விடியலில் ஆள் எண்ணிய இடமும் இதுதான்.
அவனை விரட்ட
இடது வலது பழகியதும் இங்கேதான்.
இரண்டுக்கும் எங்கள் வாயில் ஒரே பெயர்:
பெரட்டு.
மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

படிவத்தில் 'தடை' என்ற கட்டத்தில்
கான்கிரீட், நான்கு மீட்டர்
என்று எழுதினேன்.

ஹம்டான் எதுவும் கேட்கவில்லை.
இயந்திரத்தைத் திருப்பி
தரையைச் சுற்றி, சுவரைச் சுற்றி
தூரமாய் வளைத்துக்கொண்டு போனான்.
வாடகை
மணிக்கு எண்பது வெள்ளி.