கணக்கில் வராத கட்டை

ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி
லுகும் சொன்னான்: தெப்பம் அறுந்துவிட்டது.

அறுபத்து நான்கு சாகோ துண்டுகள்.
சாயங்காலம் எண்ணிப் பேரேட்டில் ஏற்றி
கையெழுத்துப் போட்டவள் நான்.
ஆலைக்குக் கணக்கு எழுதுகிறவள் என்றால்
ஆற்றில் மிதப்பதற்கும் நானே பொறுப்பு.

கரையில் அதற்குள் வழக்கு தொடங்கியிருந்தது,
பிரம்பா நைலானா எது நல்ல கயிறு என்று.
மாதா கோயில் ஜெனரேட்டரை இழுத்துவந்து
விளக்குப் போட்டிருந்தார் பௌலுஸ் ன்யாட்.
சுராவிலிருந்து இரண்டு படகு வந்தது;
அதில் ஒன்றை ஓட்டியவன் பௌலுஸின் கூடப்பிறந்த தம்பி.
இருவரும் அப்போதும்
யார் வீட்டு மோட்டார் சத்தம் அதிகம் என்றே பேசினார்கள்.

எங்கள் ஆறு பகலில் தேயிலைச் சாயம்.
இரவில் அந்த நிறமும் கிடையாது.
கட்டை எது முதலை எது என்று
தொட்ட பிறகுதான் தெரியும்.

கடைக்காரர் லாவ் மட்டும் இறங்கவில்லை.
மாடி ஜன்னலைத் திறந்து
‘ஓதம் ஏறுவது ஐந்தே முக்காலுக்கு. போய்த் தூங்குங்கள்’
என்று சொல்லி மூடிக்கொண்டார்.
யார் தூங்கினார்கள்?
ஐம்பத்தொன்று பிடித்தோம்.
லுகுமுக்கு ஒரு கால் செருப்பு போயிற்று,
கட்டைவிரல் நகம் பாதி.

விடியும்போது ஆறு மனம் மாறியது.
பெயர்தான் ஓயா.
ஓய்வதும் இல்லை, ஒரே பக்கம் ஓடுவதும் இல்லை.
போன தண்ணீரைக் கடல் திருப்பித் தள்ள
போன கட்டைகள் வந்தன,
பள்ளிவிட்ட பிள்ளைகளாய் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

பதின்மூன்று வரவேண்டும்.
பதினான்கு வந்தது.

ஒவ்வொரு துண்டின் முகத்திலும்
கத்தியால் கீறிய குறி உண்டு:
மீன்முள், ஏணி, தலைகீழ்க் கொக்கி.
ஆலை பணம் தருவது குறிக்கு.
மிஞ்சிய கட்டையில் இரண்டு வெட்டு, நடுவே பிறை.

சாபன் குறி.
ஒன்பது வருடம் முன்பு
மிரியில் எண்ணெய்க் கம்பெனி வேலை என்று போனவன்.
பாக்கி இருநூற்றுப் பத்து ரிங்கிட்.
அவன் குறியைச் சிவப்பு மையால் அடித்ததும் நான்தான்.

தொட்டுப் பார்த்தேன்.
வெட்டுவாயில் ஈரம்; நகத்தில் வெள்ளை மாவு.
பழைய மரம் என்றால் புளித்திருக்கும்.
ஊரே மணக்கிற அந்தப் புளிப்பு
இதில் ஏறவில்லை.
போன வாரத்து மரம்.

சாபன் வந்துவிட்டான் என்றது ஒரு குரல்.
இல்லை, அவன் ஆவி என்றது இன்னொன்று.
‘ஆவி பாக்கி கட்டுமா?’ என்றார் பௌலுஸ்.

எட்டு மணிக்குக் கீழாற்றிலிருந்து
சின்னப் படகொன்று, பின்னால் வெறுங்கயிறு.
தெரெண்டாக் தொப்பியின் கீழே தீமா.
சாபனின் பெண்டாட்டி.

‘என்னுடையதில் ஒன்று குறைகிறது’ என்றாள்.
‘ராத்திரி உங்கள் துறையைத் தாண்டும்போது
என் தெப்பம் உங்கள் தெப்பத்தில் இடித்தது.
விளக்குப் போடவில்லை. தப்புதான்.’

கீழ் ஆலைக்கு இருட்டில் கொண்டுபோகிறாள்.
எத்தனை ராத்திரி
என் ஜன்னலுக்குக் கீழே
மோட்டாரை அணைத்துத் துடுப்புப் போட்டாளோ.

‘குறி சாபனுடையது’ என்றேன்.
‘கை என்னுடையது’ என்றாள்.
‘அப்போ பாக்கி?’ என்று இழுத்தான் லுகும்.
‘அது அவனுடையது. மிரிக்குப் போய்க் கேள்.’

ஒருவரும் பேசவில்லை.
யாரோ லினுட் கிண்டி எடுத்துவந்தார்கள்;
சுடச்சுடச் சுற்றிச் சுற்றி எடுத்து
சம்பலில் தோய்த்து விழுங்கினோம், அவளும்.

அடித்த குறியை மறுபடி எழுத
பேரேட்டில் வழியில்லை.
‘மேலே ஒரு கீறல் சேர்த்துக்கொள்,
புதுக் கணக்காகிவிடும்’ என்றேன்.
கத்தியை எடுத்தாள்.
தேவைக்குமேல் ஆழமாகவே வெட்டினாள்.

இனி பகலில் வருவாளா என்று கேட்கவில்லை.
கையெழுத்துக்கு மட்டும் பேனா நீட்டினேன்.

லுகுமின் செருப்பு வரவில்லை.
லாவ் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டோம்.
‘சாயங்காலம் ஆறு பத்து’ என்றார்.